ஒன்பது பேருக்குப் பழகிய கை

இன்றைக்கு அடுப்படி அவனுடையது, யாரும் குறுக்கே வரப்போவதில்லை, கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தான் அடைக்கலம், ஆளே இல்லாத வீட்டில் அடுப்படிக்கு எதற்குத் தாழ் என்று தன்னையே கேட்டுக்கொண்டு சிரித்தான். ஆள் மத்தியானத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறான், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட இவ்வளவு பரபரப்பு இல்லை. மத்தியானம் வளர்மதி போன் பண்ணினாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, ஏதோ மில்லிலிருந்து மொத்தமாக ஆட்களை அனுப்பியிருக்கிறார்களாம், முடித்துவிட்டு டியூஷனிலிருந்து கனிஷ்காவைக் கூட்டிக்கொண்டு வர நேரமாகுமாம். "ராத்திரிக்கு ஓட்டல்ல வாங்கியாறேங்க. உங்களுக்குப் புரோட்டாவா இடியாப்பமா, சொல்லுங்க" என்றாள். நானே சமைச்சிடுறேன் வளரு என்றதும், "ஐயோ, நீங்க எதுக்குங்க" என்றாள். அதுதான், அந்தப் பேச்சுதான், ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். துணி காயப்போடப் போனால் நீங்க எதுக்குங்க. தண்ணிக் கேனில் கை வைத்தால் நீங்க எதுக்குங்க. மகளை டியூஷனில் விட வண்டிச் சாவியை எடுத்தால் நீங்க எதுக்குங்க, நான் போற வழிதானே. எதுக்கு என்பது நல்ல கேள்விதான், அதற்கு ஒரு பதில் வேண்டும் என்றுதானே ஷார்ஜாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்தான். இன்றைக்கு அவன் விடவில்லை. "வெளியில எதுவும் வாங்கக் கூடாது, ரெண்டு பேரும் பசியோட வந்து சேருங்க" என்று அதிகாரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான், வைத்த பிறகுதான் அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. உடனே பை எடுத்துக்கொண்டு கிளம்பி உருளைக்கிழங்கும் தக்காளியும் முட்டையும் வாங்கினான், பேக்கரியில் சூடு ஆறாத ரொட்டி வாங்கினான், புதுக்கோட்டை வெயிலில் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினான்.

ஒரே சட்டிதான். வேலைநாள் ராத்திரியில் குழம்பு தனி, பொரியல் தனி, ரசம் தனி என்று எவன் நின்று வேக்காட்டில் சாவது. வளர்மதி சாகிறாள், அவனுக்காக. நாளெல்லாம் ஊசியும் குப்பியுமாக நின்றுவிட்டு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் மூன்று வகை வைக்கிறாள், அவள் காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்பதைக் கூடத்திலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் கையில் ரிமோட் இருக்கிறது, அதையும் மகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கிழங்கை எடுத்தான். தோல் சீவுவது ஒரு சுகம், ஈரத் தோல் சுருண்டு சுருண்டு விழும்போது மனசு பாட்டுக்கு எங்கேயோ போகும், கை பாட்டுக்கு வேலை பார்க்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. அவனை முதலில் உட்கார வைத்தார்கள், நல்ல நல்ல துண்டாகப் பொறுக்கி அவன் தட்டில் வைத்தாள் வளர்மதி, கனிஷ்கா விசிறி மட்டும்தான் வீசவில்லை, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அடுத்த கிழங்கு. சாப்பிட்டுக் கை கழுவிக் கட்டிலில் சாய்ந்தான். அப்புறம் அடுப்படியில் தாயும் மகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள், அவனுக்குக் காது அங்கேயே இருந்தது. "எலும்பை எனக்கு வைம்மா, நீ மட்டும் ஒளிச்சு வச்சுத் திங்கிற" என்றாள் மகள். "அடி கழுதை, மூணு எலும்பு தின்னவ யாரு" என்றாள் தாய். ஒரே சிரிப்பு, தட்டில் தட்டு இடிக்கிற சத்தம், ஒருத்தி மற்றவள் தட்டிலிருந்து பிடுங்குகிறாள் போலிருக்கிறது. அடுத்த கிழங்கு. அந்தச் சிரிப்புக்குள் போய்விட வேண்டும்போல அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனான். அவன் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது. மகள் எழுந்து நின்றாள். கையில் எலும்போடு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வகுப்புக்குள் தலைமையாசிரியர் வந்த மாதிரி எழுந்து நின்றாள், பெற்ற பிள்ளை. "தண்ணி வேணுமாங்க, கூப்பிட்டிருக்கலாமே" என்று வளர்மதியும் எழுந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாச லீவில் வந்து வந்து போனவனை இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் தெரியும், நல்ல விருந்தாளியாக, சென்ட் வாசனையோடும் சாக்லேட் பையோடும் வருகிற விருந்தாளியாக. விருந்தாளி போகப்போகிறவன் என்பதால்தான் அந்த உபசாரம். இப்போது அவன் போகப்போவதில்லை. திரும்பிப் போக டிக்கெட் இல்லாத விருந்தாளியைவிடப் பெரிய தொல்லை ஒரு குடும்பத்துக்கு உண்டா? ஆகவே இன்றைக்கு. இன்றைக்கு மூன்று பேரும் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார வேண்டும், அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற மாதிரி அவன் முன்னாலும் பேச வேண்டும், பிடுங்கித் தின்ன வேண்டும். இவ்வளவுதான் வேண்டியது. இதற்கு எவனாவது இப்படிப் பதறுவானா என்று கேட்டால், இவன் பதறினான்.

சீவிய கை நின்றது, ஏனென்றால் பையில் கிழங்கு தீர்ந்துவிட்டது. அடைக்கலம் குனிந்து பார்த்தான். வாளி நிறையச் சீவின கிழங்கு வெள்ளை வெளேரென்று தண்ணீரில் கிடந்தது. மூன்று கிலோ! கல்யாண வீட்டுக்குக் காணும். அடப்பாவி, இது ஒன்பது பேர் அளவாச்சே என்று நெற்றியில் அடித்துக்கொண்டான், ஈரக் கையால் அடித்ததில் தோல் ஒன்று நெற்றியில் ஒட்டிக்கொண்டது. ஷார்ஜா அறையில் ஒன்பது பேர். இவன் முறை வந்தால் ஒன்பது பேருக்கு இவன்தான் சீவ வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு சீவினால்கூட கை ஒன்பது பேருக்கு வந்ததும்தான் நிற்கும். நல்லவேளை, பார்த்தோம். பார்த்துவிட்டோமே என்று அவனுக்கு ஒரே பெருமை, தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டு, மூன்று பேருக்கு வேண்டிய கிழங்கை மட்டும் எண்ணாமல் கண்ணளவில் எடுத்து வில்லை வில்லையாக நறுக்கினான், மிச்சத்தை வாளித் தண்ணீரோடு ஓரமாகத் தள்ளினான், நாளைக்கு ஆகும். தீபாவளிக்கு முறுக்குச் சுடுகிற அகலமான இருப்புச் சட்டி மேல்தட்டில் இருந்தது, இறக்கி அடுப்பில் வைத்தான். எண்ணெய். சோம்பு பொரிகிறது. கறிவேப்பிலை விழுந்ததும் சட்டி சடசடவென்று பேசியது, அந்தப் பேச்சு போதும், அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. வெங்காயம், பூண்டு முழுசு முழுசாக, தக்காளி கையாலேயே பிசைந்து விடு, ஜான்கென்னடி அப்படித்தான் பிசைவான். தூத்துக்குடிக்காரன், அறையில் பக்கத்துக் கட்டில், வாய் சும்மா இருக்காது. ஏசிக் குழாய் மாட்டுகிற வேலை எல்லாருக்கும், ஆகஸ்ட் மாசத்து மொட்டைமாடியில் தகரக் குழாயைத் தொட்டால் கைத்தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், சாயங்காலம் இறங்கும்போது சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும், வியர்வை காய்ந்த உப்பு. உடம்பிலிருந்து போன உப்பையெல்லாம் ராத்திரி சட்டியில் திரும்பப் பிடிக்கணும்டா என்பான் ஜான்கென்னடி, கிழங்கை வதக்குகிறவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, போடுடா, இன்னும் போடு, பயப்படாதே, அள்ளிப் போடு என்பான், கல்லுப்பு குத்துக் குத்தாக விழும், எரிகிற நாக்குக்கு அது அமிர்தமாக இருக்கும், கட்டில்களுக்கு நடுவே செய்தித்தாளை விரித்துச் சட்டியை இறக்கினால் ஒன்பது கை ஒரே நேரத்தில் உள்ளே போகும், குப்பூஸ் ரொட்டியைக் கிழித்து ஆளாளுக்கு அள்ளுவார்கள், ஒருத்தன் கையை ஒருத்தன் தட்டிவிடுவான், முழங்கையால் இடிப்பான், கெட்ட வார்த்தையில் திட்டுவான், எவன் எவனோ, ஜாதி தெரியாது சனம் தெரியாது, ஆனால் அங்கே யாரும் இவனைப் பார்த்து எழுந்து நின்றதில்லை. உப்பு ஜாடியை மூடி மேடையில் வைத்தான். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கொஞ்சம் மல்லித்தூள். கிழங்கைக் கொட்டிப் புரட்டினான். நிறம் ஏறி வந்தது பாருங்கள், சிவப்பும் மஞ்சளுமாக, பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. கை நனைகிற அளவு தண்ணீர் தெளித்துத் தட்டைப் போட்டு மூடினான்.

மூடிய பிறகுதான் தொந்தரவு. வேலை இருக்கும்வரை பயம் வராது, தட்டைப் போட்டு மூடிவிட்டுச் சும்மா நிற்கும்போது வந்து தோளைத் தொடும். சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது, கீழ்வீட்டு மெய்யம்மை அக்கா கோலப்பொடி டப்பாவைத் தேடிச் சத்தம் போடுகிறாள், நல்ல அம்மாள்தான், ஆனால் காலையில் படியில் பார்த்ததும் "இந்தத் தடவை எத்தனை நாள் லீவு தம்பி" என்று கேட்டாள். எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். முடிவெட்டுகிறவர் கேட்டார், மளிகைக் கடையில் கேட்டார்கள். லீவு இல்லைங்க, வந்துட்டேன் என்றால் முகத்தில் ஒரு நிழல் ஓடுகிறது, ஏதோ துக்கச் செய்தி சொன்ன மாதிரி. அவர்களை விடு. வளர்மதி என்ன நினைக்கிறாள்? அவளாக ஒரு கணக்கோடு ஓடிக்கொண்டிருந்த வீடு இது, எந்த டப்பாவில் எது, எந்தக் கிழமை மோட்டார், மகளுக்கு எந்த ஆசிரியை பிடிக்கும், எவள் சிநேகிதி, எவளோடு சண்டை, எல்லாம் அவர்கள் இரண்டு பேருக்குள். இவன் நடுவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டால் காற்று வருமா? ஒருவேளை அவளுக்கு இவன் போய்விட்டால் தேவலை என்று இருக்குமோ? இந்த நினைப்பு வந்ததும் தட்டைத் திறந்து பார்த்தான், ஆவி முகத்தில் அடித்தது. இல்லை, அப்படி இருக்காது. விமான நிலையத்தில் அவன் வெளியே வந்தபோது அவள் அழுதாளே. அழுதாள், ஆனால் ஒவ்வொரு தடவையும்தான் அழுதாள், வரும்போதும் அழுவாள் போகும்போதும் அழுவாள், அழுகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு தடவையாவது திட்டியிருக்கிறாளா? யோசித்துப் பார்த்தான். கல்யாணம் ஆன புதிதில், முதல் பயணத்துக்கு முன்னால், அவன் குளியலறையை ஈரமாக்கினான் என்று வெளுத்து வாங்கியிருக்கிறாள், அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது, அதற்கப்புறம் இல்லை. ஒரு மாசத்துக்கு வருகிறவனை எவள் திட்டுவாள்? திட்டை எல்லாம் யாருக்குச் சேர்த்து வைத்தாளோ. கிழங்கைக் கரண்டியால் குத்தினான், வெண்ணெயாக உடைந்தது. ஆகா! வெந்துவிட்டது. பயமெல்லாம் பறந்தது. முட்டையை எடு. நடுவே குழி குழியாகத் தள்ளி முட்டையை உடைத்து ஊற்றினான், ஆளுக்கு ஒன்று, மஞ்சள் உடையாமல் உட்கார்ந்தது. திரும்ப மூடினான். கூடத்தில் பாய் விரித்தான், நடுவே செய்தித்தாள், ஓரத்தில் ரொட்டி. தட்டு வைக்கலாமா? கூடாது, தட்டு வந்தால் பரிமாற ஆள் வேண்டும், பரிமாற ஆள் நின்றால் பழைய கதைதான். இதோ, வண்டிச் சத்தம். வளர்மதியின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே தெரியும், அதற்கு ஒரு இருமல் உண்டு. அடுப்பை அணைத்தான். ருசி பார்க்கவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடிய வேகத்திலேயே போய்விட்டது, படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன வாசனை, தெருவே மணக்குது!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் வளர்மதி, கைப்பையை ஆணியில் மாட்டினாள். பின்னாலேயே கனிஷ்கா, முதுகில் பையோடு, பாயையும் செய்தித்தாளையும் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். "கீழயா உக்காரணும்?" என்று மெதுவாகத் தாயிடம்தான் கேட்டாள்.

"கீழதான். ஷார்ஜாவுல எங்க ரூமுல அப்படித்தான் சாப்பிடுவோம்" என்றான் அவன், குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. "கை கழுவிட்டு வாங்க, வாங்க, ஆறிடும்."

சட்டியைத் துணி போட்டுத் தூக்கி வந்து நடுவில் இறக்கினான். தட்டைத் திறந்தபோது ஆவி எழுந்து மூன்று முகங்களையும் மறைத்து விலகியது. கனிஷ்கா "வாவ்" என்றாள், அது உண்மையான வாவ்தான், அவனுக்குக் காதுமடல்வரை சூடேறியது. "தட்டு எடுத்தாறேன்" என்று எழப்போன வளர்மதியைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "தட்டு கிடையாது. ரொட்டியை ஒடி, அள்ளு, தின்னு. அவ்வளவுதான்." மகளும் தாயும் முழங்காலை மடக்கிக்கொண்டு, யார் வீட்டுக்கோ வந்தவர்கள் மாதிரி ஓரத்திலிருந்து கொஞ்சமாக எடுத்தார்கள். அவன் எடுக்கவில்லை. அவர்கள் வாயில் வைப்பதைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். கனிஷ்கா வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டிருந்த தாடை நடுவழியில் நின்றது. கண் ஒரு தடவை அகலமாக விரிந்து தாயிடம் போனது. வளர்மதியும் அப்போதுதான் வாயில் வைத்திருந்தாள், அவள் முகத்தில் ஈயாடவில்லை, மகளைப் பார்த்துத் தலையை அசைத்தாள், மிக லேசாக, இல்லை என்பதுபோல, சொல்லாதே என்பதுபோல. மகள் விழுங்கினாள்.

"நல்லா இருக்குப்பா" என்றாள் கனிஷ்கா.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இவ்வளவு சமைக்கத் தெரியும்னு சொல்லவே இல்லையே" என்றாள் வளர்மதி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினார்கள்.

அடைக்கலம் ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டான். கடல். கிழங்கு இல்லை, பூண்டு இல்லை, சோம்பு இல்லை, வெறும் கடல், அலையோடும் நுரையோடும் வந்து தொண்டையில் அடித்தது. ஜாடியை மூடி வைத்தது ஞாபகம் இருக்கிறது, அள்ளிப் போட்டது ஞாபகமே இல்லை, கிழங்கை மட்டும் பிடித்துவிட்டோம் என்று பெருமைப்பட்டு நின்றபோது கை தன் பாட்டுக்கு ஒன்பது பேருக்கு உப்பைப் போட்டிருக்கிறது, அதுவும் மொட்டைமாடியில் வெந்து வந்த ஒன்பது பேருக்கு. போச்சு. எல்லாம் போச்சு. ஆனால் அவன் நெஞ்சைப் பிசைந்தது உப்பு இல்லை. அந்தத் தலையசைப்புதான். எவ்வளவு பழகிய தலையசைப்பு அது, எத்தனை லீவில் எத்தனை விஷயத்துக்கு அவன் முதுகுக்குப் பின்னால் அந்தத் தலை அப்படி அசைந்திருக்கும். அப்பாகிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவார், இன்னும் பத்து நாள்தான், போயிடுவார். அதோ அந்தப் பிள்ளை அடுத்த வாய் எடுக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்ட, ரொட்டியைப் பெரிதாகவும் கிழங்கைச் சின்னதாகவும் எடுத்து, தின்கிறது, அவன் மனசு நோகக் கூடாது என்று தின்கிறது. வளர்மதி சிரித்த முகமாக மெல்கிறாள். இவர்கள் இந்தச் சட்டி முழுவதையும் தின்று தீர்ப்பார்கள், தின்றுவிட்டு ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிப்பார்கள், நாளைக்கும் நல்லா இருந்துச்சுங்க என்பார்கள், அதற்கடுத்த நாளும் நீங்க எதுக்குங்க என்பார்கள், இப்படியே அவன் கிழவனாகிச் சாகிறவரைக்கும் உபசாரம் பண்ணுவார்கள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் எப்போதுமே திறக்க முடியாது. சொன்னால் என்ன ஆகும்? பரவாயில்லைங்க என்பாள். இல்லை, விடக் கூடாது. அவன் வாயிலிருந்து அவனுடையதே அல்லாத ஒரு சத்தம், ஒன்பது கட்டில் அறையில் மட்டுமே வருகிற சத்தம், வெடித்துக்கொண்டு வந்தது.

"எந்த மடப்பயடா இதுக்கு உப்புப் போட்டது?"

வீடே அதிர்ந்தது. கனிஷ்கா ரொட்டித் துண்டோடு அப்படியே உறைந்து போனாள்.

"பரவாயில்லைங்க, லேசாத்தான்..." என்று ஆரம்பித்தாள் வளர்மதி.

"லேசா? வளரு, என்னைப் பாரு. லேசாவா? கனி, நீ சொல்லு. அம்மாவைப் பாக்காத, என்னைப் பாத்துச் சொல்லு. எப்படி இருக்கு?"

மகள் அவனைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. "அப்பா... கடல்ல முக்கி எடுத்த மாதிரி இருக்குப்பா" என்றாள், சொல்லி முடிக்குமுன் சிரிப்பு பீறிட்டது, வாயிலிருந்த ரொட்டி செய்தித்தாள் முழுக்கத் தெறித்தது. அவ்வளவுதான். அவன் சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வளர்மதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சட்டியைப் பார்த்தாள், அடுப்படியை எட்டிப் பார்த்தாள், அங்கே வாளியைப் பார்த்தாள்.

"அது என்னங்க வாளியில?"

"கிழங்கு."

"அம்புட்டுமா? மூணு பேருக்கா? யாரு திங்குறது? ஊர்ச்சோறு போடுறோமா?" என்று எழுந்தாள், சேலையை இழுத்துச் செருகினாள். "உப்பு ஜாடி பாதி காலி. நீங்க உப்புப் போட்டீங்களா இல்ல உப்புல கிழங்கைப் போட்டீங்களா? மேடையெல்லாம் தோலு. எண்ணெயை இப்படியா சிந்துறது? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், வந்த நாள்லேருந்து குளிச்சா பாத்ரூம் குளமாத்தான் கிடக்கு. சோப்பு தண்ணியில ஊறுது. மோட்டாரைப் போட்டா நிறுத்துறது இல்ல, மெய்யம்மை அக்கா ரெண்டு தடவை சொல்லிட்டாங்க."

"குறட்டை, அதைச் சொல்லும்மா" என்றாள் கனிஷ்கா. "எனக்கு அடுத்த ரூம்ல தூக்கமே வரல. நியூஸ் வேற அந்தச் சத்தம் வைக்கிறாங்க, எனக்கு டெஸ்ட்டுக்குப் படிக்கவே முடியல."

"போன்ல பேசினா தெருவுக்கே கேக்குது. ஷார்ஜாவுக்கு வாயாலயே கத்திக் கூப்பிடுறாரு."

அடைக்கலம் பாயில் உட்கார்ந்தபடி வாங்கிக்கொண்டான். அவர்கள் சொல்லச் சொல்ல அவன் முகம் விரிந்துகொண்டே போனது, தேர்வில் பாஸான பையன்போலப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இத்தனை நாள் சேர்த்து வைத்தது எல்லாம் இவனுக்குத்தான், வேறு யாருக்கும் இல்லை, கொட்டு, இன்னும் கொட்டு, பயப்படாதே, அள்ளிக் கொட்டு என்று மனசு துள்ளியது. தாங்க முடியாத சந்தோஷம். இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கினான்.

"இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதைப் பாரு" என்றாள் வளர்மதி. அவள் குரலிலும் ஏதோ உடைந்து இளகியிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. முட்டைகளைக் கரண்டியால் அள்ளி ஒரு தட்டில் ஒதுக்கினாள், சட்டியைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தாள், வாளிக் கிழங்கில் பாதியை மளமளவென்று நறுக்கி உள்ளே தள்ளித் தண்ணீரை ஊற்றினாள். "இது வேகட்டும், உப்பை இழுத்துக்கும். சும்மா உக்காராதீங்க. கடைக்குப் போய்த் தயிரு வாங்கிட்டு வாங்க. காலைக்குப் பாலும் இல்ல."

அவன் துள்ளி எழுந்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்தவனைக் குரல் பிடித்து நிறுத்தியது.

"குப்பையை யாரு எடுத்துட்டுப் போவா?"

குப்பைப் பையை எடுத்துக்கொண்டான். படியில் இறங்கும்போது பை காலில் இடித்தது, கிழங்குத் தோலின் ஈர மண்வாசனை வந்தது, இந்த வீட்டுக் குப்பை, அவன் தோள்வரை கனத்தது. தெருவில் எதிரே வந்தவர் என்ன அடைக்கலம், லீவு எப்போ முடியுது என்றார். "தயிரு வாங்கப் போறேன்ணே" என்றான். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும், இவனுக்குத் தோன்றவில்லை. கடையில் கூட்டம். நிற்கும்போதும் கால் நிற்கவில்லை. முன்னால் ஒரு அம்மாள் அரை மணி நேரம் ஊறுகாய் பார்த்தாள், பார்க்கட்டும், நல்ல ஊறுகாயாகப் பார்த்து வாங்கட்டும், உலகத்தில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்று இருந்தது. தயிரையும் பாலையும் வாங்கிக்கொண்டு பாதி தூரம் நடந்தான், மீதி தூரம் ஓடினான். அவர்கள் காத்திருப்பார்கள், பசியோடு வந்தவர்கள், அந்தப் பிள்ளை மத்தியானம் சாப்பிட்டது, பாயில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது மறுபடி நெஞ்சு படபடத்தது, சிரிப்பெல்லாம் ஆறிப்போய்த் திரும்பவும் எழுந்து நின்றுவிடுவார்களோ, செம்பும் தட்டும் தயாராக இருக்குமோ, உட்காருங்க, முதல்ல நீங்க சாப்பிடுங்க என்று ஆரம்பித்துவிடுவாளோ. படியில் இரண்டிரண்டாக ஏறினான். கதவு திறந்தே கிடந்தது.

யாரும் காத்திருக்கவில்லை. சட்டி பாய் நடுவில் இருந்தது, தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள், பாதி தீர்ந்திருந்தது. அவன் தலை தெரிந்தும் ஒருத்தியும் எழவில்லை, ஒருத்தியும் நிறுத்தவில்லை. வளர்மதி மெல்லுகிற வாயோடு தயிருக்குக் கையை மட்டும் நீட்டினாள்.

"வந்து உக்காருங்க, இப்பப் பரவாயில்ல" என்றாள்.

"முட்டை எங்க?" என்றான் அடைக்கலம்.

கனிஷ்கா நிமிர்ந்து பார்த்தாள். வாய் நிறைய இருந்தது, மோவாயில் மஞ்சள் வழிந்தது. "உன்னோடதையும் நான் தின்னுட்டேன். நீ ஏன் இம்புட்டு லேட்டு?" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இடம் விடாமல் மறுபடி சட்டிக்குள் கையை விட்டாள். அவன் அவளை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான்.